அப்பாவின் கட்டிலோரம்

விசா நீட்டிப்புக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் ஊருக்குப் போக முடியாது. அப்பா மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லூரி கேன்டீனில் தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டு அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னடா வீடியோ கால்? கொழுப்பா?” என்றாள்.

“அக்கா, நான் இங்க காலேஜ்ல இருக்கேன்.”

அவள் சிரித்தபடி போனைத் திருப்பினாள். கட்டிலோரம் உட்கார்ந்து நான் அப்பாவுக்குக் கரண்டியால் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அந்த விரல்களும் சோப்புத் தண்ணீரில் ஊறித் தோலுரிந்திருந்தன. அப்பா தேறியிருந்தார்.

“யாருடா போன்ல?” என்று கேட்டார்.

அவன் அவர் வாயைத் துடைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ராங் நம்பர்ப்பா. கட் பண்ணுக்கா.”

அக்கா கட் பண்ணினாள்.