இடது பக்கத்து விளக்கு

“பாருங்க சார், எங்க வண்டியேதான். ஒரு கீறல்கூட வித்தியாசம் இருக்காது,” என்றார் என் வீட்டுக்காரர் பஞ்சநாதன்.

சொன்னாரே தவிர, டீப்பாய் மேல் இருந்த அந்தச் சின்னக் காரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தார்? பெருமை பேச வாய் போதும், கண் எதற்கு?

இன்ஸ்பெக்டர் காபி டம்ளரை வைத்துவிட்டுக் காரைக் கையில் எடுத்தார்.

பினாங்கில் இருக்கும் என் தம்பி அமிர்தலிங்கம் அனுப்புகிற பெட்டிகளில் வருபவை இந்தக் கார்கள். உள்ளே வெறும் பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருக்கும். நறுக்கி, ராவி, ஒட்டி, வர்ணம் அடித்தால் அமெரிக்கக் கார் ஒன்று எழுந்து நிற்கும். பிள்ளை இல்லாத வீட்டில் பொம்மை என்ன கேடு என்று என் நாத்தனார் கேட்டாள். பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த வாய் என்ன கேடு என்று நானும் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தச் செவர்லே மட்டும் எங்கள் ஷெட்டில் நிற்கும் செவர்லேயின் அச்சு. பெட்டியில் வந்தபோது ஸ்டீரிங் இடப்பக்கம் இருந்தது. பிளேடால் அறுத்து வலப்பக்கம் மாற்றினேன். பெரிய வண்டியை மாடு கொம்பால் கீறினால் சின்ன வண்டியில் நான் ஊசியால் கீறுவேன். பெரியதைப் பட்டறையில் சரிபண்ணினால் சின்னதற்கு நானும் நகப்பாலிஷ் பூசுவேன். பைத்தியம்தான். வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிக்கிற பைத்தியம்.

இன்ஸ்பெக்டர் வந்தது வீரையன் சாவு விஷயமாக.

வீரையன் எங்கள் பண்ணையாள். அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டு, களத்து மேட்டில் சிவப்புக் கொடி நட்டவன். போன வாரம் கீழ்வேளூர் ரோட்டோரம் வாய்க்காலில் செத்துக் கிடந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊர் சொன்னது. ஊர் என்றால் என் வீட்டுக்காரரும் அவருக்குத் தலையாட்டுகிறவர்களும்.

வீரையன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவன் பெண்டாட்டி ராஜாத்தி எங்கள் கொல்லையில் வந்து நின்று, “அம்மா, நீங்களாச்சும் கேளுங்கம்மா,” என்று அழுதாள். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது.

“அறுப்பு ஆரம்பிச்சதிலேருந்து வண்டி ஷெட்டை விட்டு எறங்கலீங்க,” என்று சற்று முன்புதான் அவர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

இன்ஸ்பெக்டர் காரை மெல்லத் திருப்பினார். இடது பக்கத்து விளக்கு உடைந்திருந்தது. அதற்கு மேலே பானெட் உள்வாங்கி நசுங்கியிருந்தது.

“என்ன சார் இது? வரும்போது ஷெட்டுல பார்த்தேன். வெளக்கு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கே?”

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தக் காரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சுதாரித்துக்கொள்ள அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? சிரித்தார்.

“கை தவறிக் கீழ போட்டிருப்பா. போட்டியா, தையலு?” என்று என் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி ஆற்றிக்கொண்டு வந்துவிடலாம். இல்லை என்றால், இந்த வீட்டில் எனக்கு மறுபடி விடியுமா என்று தெரியாது.

ஆனால் இன்ஸ்பெக்டர் புதியவர். கழக ஆட்சி வந்த பிறகு மாற்றலாகி வந்தவர். எந்த மிராசு வீட்டிலும் கை நனைக்காதவர் என்று ராஜாத்தி தெருவிலேயே பேச்சு. இங்கே காபி குடித்தார்தான். வெயிலில் வந்தவருக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டேன். அவரை நம்பித்தான், கண்ணாடி அலமாரியில் இருந்த காரை எடுத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

“போடலீங்க,” என்றேன். “பட்டறைக்குப் போறதுக்கு முன்னால வண்டியை வைக்கோல் போட்டு மூடி வச்சிருந்தாங்க. மாட்டுக் கொட்டகையில இருக்கவேண்டிய வைக்கோலு கார் ஷெட்டுல எதுக்குன்னு விலக்கிப் பார்த்தேன். அதைப் பார்த்துப் பண்ணினதுதான் இது. கரண்டியைச் சுடவச்சு பானெட்டை அமுக்கினேன்.”

“தையலு!” என்றார் அவர். சிரிப்பு போயிருந்தது.

இன்ஸ்பெக்டரின் விரல் பம்பர் இடுக்கில் போய் நின்றது. பச்சைக் கட்டம் போட்ட துணி, நகத்தளவு, அங்கே செருகியிருந்தது.

“இதையும் நீங்கதான் பண்ணினீங்களாம்மா?”

“அது மட்டும் நான் பண்ணினதில்லீங்க. பெரிய வண்டி பம்பர்ல மாட்டியிருந்துச்சு. பொங்கலுக்கு வீரையனுக்கு என் கையால குடுத்த துண்டுலேருந்து கிழிஞ்சது.”

சொல்லிவிட்டேன். அப்பாடா என்றிருந்தது. இனி ராஜாத்தி முகத்தைப் பார்க்கலாம்.

இன்ஸ்பெக்டர் அந்தத் துணியை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளை ஜீப்புக்குப் போகச் சொன்னார். கான்ஸ்டபிள் போன பிறகு, எழுந்து போய் கூடத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

கேட்டது என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரரிடம்.