ஒரே பட்டன்

“விளையாட மாட்டான், ஆனா ஜெயிக்கணும். அதானே சார்?” என்றார் விஜய்குமார்.

மைசூர் அக்ரஹாரத்தில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவர் அவர். தசரா லீவு வந்தால் போதும், பாதிப் பேர் இந்தத் திருட்டு வேலைக்குத்தான் அவரிடம் வருவார்கள்.

“ஆமாங்க, பையனுக்கு” என்றார் லிங்கப்பன். நஞ்சன்கூடு மில்லிலிருந்து யூனிஃபார்மோடு பஸ் ஏறி வந்திருந்தார். முகத்தில் வெட்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“என்ன படிக்கிறான்?”

“காலேஜ் போயிட்டிருந்தானுங்க. இப்ப வீட்டுலதான் இருக்கறான்.”

“நாள் பூரா டிவி முன்னாடி. பேஷ்!”

லிங்கப்பன் பையிலிருந்து கேம் சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

குத்துச்சண்டை கேம். அது சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே மெமரி கார்டைப் பிடுங்கினார் விஜய்குமார். கம்ப்யூட்டரில் மாற்றி வைத்திருந்த இன்னொரு கார்டைச் சொருகியதும் கேம் ஏமாந்துபோனது.

“எதிராளிக்கு இனிமே தெம்பே கிடையாது. இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினா ஒரே குத்துல காலி!”

“ரெண்டு வேண்டாமுங்க. ஒரே பட்டன்ல விழோணும்.”

“முன்னாடி நகரணுமே சார்?”

“நகராமயே விழோணுமுங்க.”

விஜய்குமாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இதைத்தான் வாழைப்பழச் சோம்பேறின்னு சொல்வாங்க. உரிச்சுக் குடுத்தா பத்தாது, ஊட்டி வேற விடணும். செல்லம் குடுத்தே கெடுத்துட்டீங்க சார்!”

“இருக்கட்டுமுங்க. மாத்திக் குடுங்க.” குரல் மரத்துப்போயிருந்தது.

“ஸ்வல்ப இருங்க” என்று முணுமுணுத்தபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார் விஜய்குமார். பழகிய வேலைதான், ஆனால் இவ்வளவு வெட்கங்கெட்ட திருட்டை அவரே செய்ததில்லை. முடித்துக் கார்டை மாட்டினார்.

லிங்கப்பன் கண்ட்ரோலரைக் கையில் எடுக்கவில்லை. மேஜைமேல் வைத்தே பட்டனை லேசாகத் தொட்டார். எதிராளி சுருண்டு விழுந்தான். இன்னொரு ஆட்டம் போட்டுப் பார்த்தார். அதிலும் விழுந்தான்.

“போதுமுங்க.”

கார்டைக் கர்சீப்பில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விஜய்குமாருக்கு மனசு ஆறவில்லை.

“இப்படி ஜெயிச்சு உங்க பையனுக்கு என்ன சார் சந்தோஷம்?”

வாசல்வரை போன லிங்கப்பன் திரும்பினார். வந்ததிலிருந்து கல்லாக இருந்த அந்த முகம் அப்போதுதான் உடைந்தது.

“ஆக்சிடெண்டு ஆனதுக்கப்பறம், நேத்துத்தானுங்க அவனுக்கு ஒரு விரல் அசைஞ்சுது.”