தலை திரும்புற பிளாஷ்

நிறுத்துங்க அத்தை! பெத்தவளுக்குக் கண்ணு எங்க போச்சுன்னு இன்னொரு தடவை கேட்டீங்க, ஆஸ்பத்திரின்னுகூடப் பார்க்க மாட்டேன்.

ஆமா, எனக்கு வாய் நீளம்தான். சம்பந்தி வீட்டுப் பொண்ணு, காலேஜ் படிக்கிறவ, அடக்கமா இருக்கணும். தெரியும். ஆனா உங்க மருமகளுக்கு வாய் கிடையாதே! அதான் தங்கச்சி நான் பேசுறேன்.

அக்கா உள்ள உட்கார்ந்திருக்கா. குட்டி கண்கட்டைப் பிய்ச்சுடக் கூடாதுன்னு அது ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டே இருக்கா. இடது கண்ணை எடுத்தாச்சுன்னு ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? நீங்க போய்ச் சொல்றீங்களா?

உட்காருங்க. இந்த நாற்காலி வரிசையில இருக்கிற எல்லாரும் கேட்கட்டும்.

குட்டியோட ரெண்டாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கா? நான்தான் போட்டோ எடுத்தேன். கேமராவுலயே ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பிளாஷ். நேரா மூஞ்சியிலதான் அடிக்கும். கேக் பக்கத்துல குட்டி சிரிக்குது. ஒரு கண்ணு சிவப்பு. இன்னொண்ணு பூனைக்கண்ணு மாதிரி வெள்ளையா மின்னுது.

"என்னடி, பிள்ளையைப் பிசாசு மாதிரி எடுத்து வச்சிருக்கே! இதெல்லாம் ஒரு கேமராவா?"

யார் சொன்னது? நீங்க. வீடே சிரிச்சுது.

அக்கா மட்டும் சிரிக்கல. போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தா.

"ஏன்டி, ஒரு கண்ணு மட்டும் இப்படி வருது? இது பொம்மையைக்கூடத் தலையைச் சாய்ச்சுத்தான் பார்க்குது. ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடட்டுமா?"

"தலையைச் சாய்க்கிறது ஸ்டைலு, அப்பன் மாதிரி. நல்லா இருக்கிற பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளாம்!"

இது யாரு? இதுவும் நீங்கதான்.

எனக்கோ, என் கேமராவைச் சொன்னதுதான் சுருக்குன்னு குத்துச்சு. மறுநாளே அந்தப் போட்டோவோட கடைக்குப் போயிட்டேன்.

"அண்ணே, கையில காசு கம்மி. ஆனா கண்ணுல இந்த மாதிரி வரவே கூடாது. அப்படி ஒரு பிளாஷ் குடுங்க."

கடைக்காரர் ரெண்டு எடுத்து வச்சார்.

"இந்தச் சின்னது விலை குறைவு. ஆனா தலை அசையாது, நேராத்தான் அடிக்கும். இந்தப் பெருசு பேர் தெரியாத கம்பெனிம்மா. தானா எதுவும் பண்ணாது, வெளிச்சத்தை நீதான் கூட்டிக் குறைக்கணும். ஆனா தலை திரும்பும். சீலிங்கைப் பார்த்து அடிச்சா, வெளிச்சம் அங்க பட்டு மெதுவா இறங்கும். கண்ணுல ஒண்ணுமே தெரியாது."

"அதான் வேணும்!"

அந்த ஞாயித்துக்கிழமை உங்க ஹால்ல நாப்பது போட்டோ எடுத்தேன். குட்டிக்கு ரெண்டு கண்ணும் கருகருன்னு, அவ்வளவு அழகு. ஒண்ணைப் பெருசாக்கி நீங்களே மாட்டி வச்சீங்க. இன்னும் தொங்குது. குட்டிக்கும் பழகிப் போச்சு. சிரின்னு சொன்னா சீலிங்கைப் பார்க்கும். இன்னைக்குக் காலையில ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போறப்போ, அழுதுடப் போகுதேன்னு "குட்டி, சிரி"ன்னேன். படுத்துக்கிட்டே மேல பார்த்துச் சிரிச்சுது.

அக்கா அந்த நாப்பதையும் ஒண்ணொண்ணாப் பார்த்தா. "அப்ப கண்ணுல ஒண்ணும் இல்லதானேடி?"

"லூசாக்கா நீ? பிளாஷ் கோளாறு. இப்ப பாரு, எங்க இருக்கு வெள்ளை?"

இதைச் சொன்னது நீங்க இல்ல அத்தை. நான்.

அதோட டாக்டர் பேச்சே போச்சு. ஏழு மாசம். கண்ணு வீங்கின பிறகுதான் இங்க தூக்கிட்டு வந்தோம். "கண்ணுக்குள்ள கட்டி. பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"ன்னு டாக்டர் கேட்டார். பிறந்தநாள் போட்டோவைக் காட்டினேன். "இந்த வெள்ளைதான் அந்தக் கட்டி. அப்பவே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்"னார். அதைக் கேட்டுட்டுத்தானே அக்கா மேல பாய்றீங்க?

என் வாய் நீளம்னீங்களே, எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியாது. கேளுங்க.

பிளாஷ் வாங்கின அன்னிக்கு, பில் போடப் போன கடைக்காரர் நிறுத்திட்டு, போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, பிளாஷ் கோளாறுன்னா ரெண்டு கண்ணும் சிவப்பாத்தானே வரும்? இதுல ஒண்ணு மட்டும் வெள்ளையா இருக்கே. முதல்ல பிள்ளையை டாக்டர்கிட்ட காட்டு. பிளாஷ் எங்க ஓடிடப் போகுது? அப்புறம் வந்து வாங்கிக்கோ."

விக்கிற மனுஷன், விக்க மாட்டேங்கறார்.

"நீங்க கடைக்காரரா, கண் டாக்டரா? பேசாம பில்லைப் போடுங்க"ன்னேன்.

அவர் பில்லைப் போட்டுக் குடுத்துட்டார். அவர் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. அக்காகிட்டகூட.

எழுந்திருங்க அத்தை. உள்ள போகலாம். அக்கா இருக்கா, உங்க மகன் இருக்கார், இவங்க எல்லாரும் வரட்டும். பெத்தவளுக்குக் கண்ணு இருந்துச்சு. பார்த்தா, பார்த்ததைச் சொன்னா. அவ வாயை அடைச்சது யாரு? எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லுங்க.

உங்க பேரைச் சொல்லப் பயமா இருந்தா, என் பேரையாவது சொல்லுங்க.