வீட்டுக்காரர் பேர்

"சொந்தக்காரங்க கூட இருந்தாத்தான் இங்க சேர்ப்போம். நீ யாரும்மா இவருக்கு?"

தருமாஸ்பத்திரி கம்பவுண்டர் தேவசகாயம் கேட்டார். வெற்றிலை ஏற்றும் மாட்டுவண்டியில், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஒச்சம்மாள் சொன்னாள்.

"என் வீட்டுக்காரரு."

"பேரு?"

ஒச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேர் இல்லாம எப்படிப் படுக்கை குடுக்கிறது? சொல்லும்மா."

"கட்டுனவரு பேர எப்படிங்கய்யா வாயால சொல்லுவேன்?"

நர்ஸ் சிரித்தாள். "சோழவந்தான் பக்கத்துப் பொம்பளைங்க உயிர் போனாலும் சொல்ல மாட்டாங்க சார். நீங்களே ஒவ்வொரு பேராச் சொல்லுங்க. சரியா இருந்தா தலையாட்டுவா."

"சோணையா?"

குனிந்த தலை அசையவில்லை.

"பேயாண்டியா? சிவனாண்டியா?"

ஒச்சம்மாள் தலையாட்டினாள். அவரை உள்ளே தூக்கிப் போனார்கள்.

மறுநாள் மாலை காய்ச்சல் இறங்கியது. "உன் தாலி கெட்டிதான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் போனாள். சிறிது நேரத்தில் அவர் கண் விழித்தார். கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணே, நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. ரோட்டோரம் பேச்சுமூச்சில்லாமக் கிடந்தீக, வண்டியில போட்டுக் கொண்டாந்தேன். இங்க உங்க பேரு சிவனாண்டி. யாரு கூப்பிட்டாலும் என்னன்னு கேளுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"வெளிய போற வரைக்கும் என்னையத் தங்கச்சின்னு மட்டும் கூப்பிட்டுராதீக."