பாட்டிலுக்குக் காற்று பிரிந்தது

சிவலீலாவின் குடலை அடைத்திருந்த கட்டியை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, அவள் தாய் நீலவ்வாவிடம் கொடுத்திருந்தார்கள். கொட்டைப்பாக்கு அளவுதான்.

"கெட்ட கட்டி மாதிரி தெரியல. ஆனா சின்னப் புள்ளைங்களுக்கு இது வர்றதே அபூர்வம். உங்க வீட்டுக்காரர் வந்ததும் லேபுக்குக் கொடுத்தனுப்புங்க" என்றார் டாக்டர்.

கலபுரகியின் அந்த ஆஸ்பத்திரியில், வயிறு அறுத்த பிள்ளைக்குக் காற்று பிரியும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. சிவலீலா உதடு காய்ந்து கிடந்தாள். நீலவ்வாவுக்கோ ஜன்னலோரம் வைத்த பாட்டில் மேலேயே கண். அது நிஜமாகவே இவள் வயிற்றில் இருந்ததுதானா?

டாக்டர் நர்ஸோடு மறுபடி வந்து சிவலீலாவின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "குடல் இன்னும் தூங்குது. சத்தமே இல்ல."

அப்போது களக்கென்று ஒரு சத்தம்.

"என்ன அவ்வா, பசியா?" என்று நர்ஸ் நீலவ்வாவைப் பார்த்துச் சிரித்தாள். நீலவ்வா அப்போதுதான் இரண்டு சோள ரொட்டி தின்றிருந்தாள். அவர்கள் போனதும் எழுந்துபோய்ப் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு குமிழி மெல்ல மேலேறி உடைந்தது.

நர்ஸ் மறுபடி எட்டிப் பார்த்தாள். "காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது" என்றாள் சிவலீலா. "எனக்கில்ல, அதுக்கு. தண்ணி கேக்குது."