போத்தலுக்குள் மந்தாரை

"மடு மாதா கோயில் மண்ணை இந்தப் பெட்டிக்குள்ளயோ வச்சனீங்கள், யசிந்தாக்கா?"

"ஓம் மிஸ், ஒரு சிட்டிகைதான். தளிரெல்லாம் கருகுதெண்டு நீங்கள்தானே கவலைப்பட்டனீங்கள். பாம்புக்கடிக்கே பூசுற மண்."

"பாம்பு கடிச்சால் நானும் பூசுவன். இது பூஞ்சணமக்கா."

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான றொசானா சிரிக்கப் பார்க்கிறாள். முகக்கவசத்துக்குள் உதடு மட்டும் அசைகிறது. வங்காலைக் கடற்காற்று பூட்டிய யன்னலை உலுக்குகிறது. குழல் விளக்குகளின் கீழே தட்டுத்தட்டாகக் கண்ணாடிப் போத்தல்கள். புயலில் சாய்ந்த கோயிலடி வெள்ளை மந்தாரையில் மிஞ்சியவை, வெட்டியெடுத்து இவற்றுக்குள் வளர்க்கும் இந்தத் தளிர்கள்தான். மரத்தை அறுத்து விறகாக்கிவிட்டார்கள். தளிர் வெட்டும் பெட்டியின் காற்றாடி மண்ணைக் கிளப்பியிருக்க வேண்டும். இப்போது போத்தலுக்குப் போத்தல், தளிருக்கு ஊட்டம் தரும் தெளிந்த கூழின் மேல், கோயிலில் முதல்நன்மை வாங்கப் போகும் சிறுமியின் முக்காடுபோல வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கிறது. பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. மூடி திறந்தால் அது மற்ற அறைகளுக்கும் பறக்கும். அதனால் உதவியாளர் யசிந்தா ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, றொசானா அவற்றை மூடியோடு அவித்து அழிக்கப் பெரிய பிரஷர் குக்கருக்குள் அடுக்குகிறாள். கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. கடைசிப் போத்தலை மட்டும் யசிந்தா நீட்டவில்லை. வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிக்கிறாள். கூழ் பளிங்காக இருக்கிறது. இரண்டாக மடிந்திருந்த குட்டி இலை ஒன்று விரியத் தொடங்கியிருக்கிறது. நேற்று இப்படித் தெளிவாக இருந்தவைதான் இப்போது குக்கருக்குள் கிடக்கின்றன என்பது றொசானாவுக்குத் தெரியும். அவள் கை நீட்டுகிறாள். யசிந்தா போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

"இங்க வேண்டாம் மிஸ். என்ர வீட்டு அலுமாரிக்கு மேல வச்சுப் பாக்கிறன். இதை மட்டும் எனக்குத் தாங்கோ."