பிறவி டிரைவர்

“வண்டி ஓட்டறதெல்லாம் கத்துக்கினு வர்ற சமாச்சாரம் இல்லடா அன்பு. பொறப்புலயே இருக்கணும். நம்ம வம்சத்துக்கு அது ரத்தத்துலயே இருக்குது” என்றார் தீனதயாளன்.

வம்சத்தில் அவருடைய அப்பாவிடம் ஒரு மாட்டுவண்டி இருந்தது. அதையும் ஆள் வைத்துத்தான் ஓட்டினார்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே லைசென்ஸ் சோதனை நடக்கும் திடல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தீனதயாளன் நின்றிருந்தார். பின்னால் ஃபைலும் தண்ணீர் பாட்டிலுமாக அக்கா மகன் அன்புச்செல்வன். கரும்பு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் என்பதால், சங்கத்தார் மூன்று பேர் மாலையும் பட்டாசுச் சரமுமாக மர நிழலில் காத்திருந்தார்கள்.

“மாமா, ஒருவேள பெயிலாயிட்டா?”

“வாயக் கழுவுடா.”

கழுவத்தான் வேண்டும். பெயிலானால் ஆதிமூலத்தின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். பதினோரு வருடம் அவருக்குக் கார் ஓட்டியவன் ஆதிமூலம். இரண்டு மாதத்துக்கு முன் கச்சிராயபாளையம் டீக்கடையில், “எங்க ஐயாவுக்குக் கார்ல ஹாரன் எங்க இருக்குதுன்னே தெரியாது” என்று சொல்லித் தொலைத்தான். அந்தப் பேச்சு டவுன் பஸ் ஏறி அவருடைய ஊரான வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்தது. அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்.

அதோடு விட்டிருக்கலாம். சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “வெள்ளிமலை கூட்டத்துக்கு நானே ஓட்டிக்கினு வர்றேன். கல்வராயன்மலையில எத்தினி வளைவு இருக்குதோ அத்தினியிலயும் ஹாரன் அடிக்கிறேன். எண்ணிக்குங்க” என்று சபதமும் போட்டுவிட்டார். கூட்டம் இன்று மதியம்.

எல்எல்ஆர் வாங்கியதே தனிக் கதை. கம்ப்யூட்டர் பரீட்சையில் சாலைக் குறியீடுகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று அன்புச்செல்வன் இருமினான். ஓர் இருமல் என்றால் முதல் விடை, இரண்டு என்றால் இரண்டாவது. தேறி வெளியே வந்தவர், “இருமலுக்கு எதனா மருந்து வாங்கிக் குடிடா” என்று மட்டும் சொன்னார்.

டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. இடது இருக்கையில் பயிற்சி கொடுக்கும் நிர்மலா. பதினைந்து நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். முதல் நாளே அவள் ஏதோ விளக்க ஆரம்பித்தபோது, “பாடம்லாம் சின்னப் பசங்களுக்கு நடத்தும்மா. கூட ஒரு ஆள் உக்காரணும்னு ரூல் இருந்தா உக்காந்துக்க” என்று சொல்லிவிட்டார்.

இப்போதும் அவர் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததும் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “ஐயா, ஸ்டீயரிங்க நேரா புடிங்க. நான் சொல்றப்ப கியர மாத்துங்க. அது போதும்.”

“நீ இன்னா சொல்றது? நீ பாட்டுக்கு வேடிக்க பாத்துக்கினு வா.”

“சரிங்க ஐயா.”

கையில் அட்டையோடு பிரேக் இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தடியில் நின்று தலையசைத்தார்.

கார் குலுங்காமல் கிளம்பியது. நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து போனது. மேட்டில் ஏறி நின்றது. நின்ற இடத்திலிருந்து விரற்கடைகூடப் பின்னால் சரியாமல் மறுபடி ஏறியது. இறங்கும்போது குறுக்கே ஓர் ஆடு வந்தது. தீனதயாளன் அது வெள்ளாடா செம்மறியா என்று பார்த்து முடிப்பதற்குள் கார் நின்றுவிட்டது.

“பாத்தியா? மனசுல நெனச்சேன், நின்னுடுச்சி.”

“ஆமாங்க ஐயா.” நிர்மலா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் இருக்கச்சொல்ல உனுக்கு இன்னாம்மா பயம்?”

இன்ஸ்பெக்டர் அட்டையில் ஏதோ எழுதினார். “பாஸ். கார்டு தபால்ல வரும்.”

பட்டாசு வெடித்தது. மாலை கழுத்தில் விழுந்தது. மாலையோடு தீனதயாளன் நிர்மலாவிடம் திரும்பினார். “ஏம்மா, உன் நல்லதுக்குச் சொல்றேன். சும்மா உக்காந்துகினு வர்றது ஒரு வேலையா? வேற எதனா தொழில் கத்துக்க.”

“பாக்கறேங்க ஐயா” என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள் அவள்.

சங்கத்தாரில் ஒருவர் ஓட்டிவந்து நிறுத்தியிருந்த தன் சொந்தக் காரின் டிரைவர் இருக்கையில் தீனதயாளன் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார். பக்கத்தில் அன்புச்செல்வன். பின்னால் வளைவுகளை எண்ணுவதற்காகச் சங்கத்தார் மூவர். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கியரைத் தள்ளினார். ‘கர்ர்ர்’ என்றது. மறுபடி தள்ளினார். மறுபடி ‘கர்ர்ர்’. மூன்றாவது முறை பலம் கொண்ட மட்டும் தள்ள, கார் ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் இருந்த மூன்று தலைகளும் முன்னால் வந்து இடித்துவிட்டுப் போயின.

“ஆதிமூலம் பய வண்டிய எதுவோ பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கான்டா.”

“மாமா, கிளட்ச மிதிச்சீங்களா?”

“அத எதுக்குடா மிதிக்கணும்?”

“மிதிக்காம எப்பிடி மாமா கியர் வுழும்?”

“பதினஞ்சு நாளா வுழுந்துச்சேடா. கிளட்சும் மிதிக்கல, பிரேக்கும் மிதிக்கல. ஆக்சிலேட்டர மட்டும் லேசா தடவிக் குடுத்தேன். இப்பகூட இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னால அப்பிடித்தான ஓட்னேன்?”

அன்புச்செல்வன் திடல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் நிர்மலாவின் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருந்தன.